மார்க்கா போடும் கிருபாநிதி அண்ணாச்சி

கிருபாநிதி அண்ணாச்சி சாயங்காலம் கிணற்றடிக்கு வந்ததும் முதலில் வலது கையைத்தான் கழுவுவார். செங்கல் பொடியும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்ப்பார். நகக்கண்ணில் கறுப்பு தெரிந்தால் மறுபடியும் தேய்ப்பார். மை போகாமல் வேதப்புத்தகத்தைத் தொடமாட்டார். பதினைந்து வருஷமாக எதிர்வீட்டிலிருந்து பார்க்கிறேன், ஒருநாளும் தப்பியதில்லை.

கடற்கரைப் பக்கம், கப்பலுக்குப் போகும் அவுரி இலை மூட்டைகளை அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கியில் அவருக்கு மார்க்கா போடும் வேலை. எழுத்து வெட்டிய தகரத்தை மூட்டையின்மேல் வைத்துக் கறுப்பு மையைத் தடவுவார். கம்பெனி எழுத்து, ஊர்ப்பெயர், எண். எண் இல்லாத மூட்டை தோணியில் ஏறாது.

வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வளவில் ஜெபக்கூட்டம் நடக்கும். தானியேலையும் வெளிப்படுத்தின விசேஷத்தையும் அவரைப்போல் விளக்க உபதேசியாராலும் முடியாது. குரலை உயர்த்தமாட்டார். எந்த மிருகம் எந்த ராஜ்யம் என்று, வீட்டு முகவரி சொல்வதுபோலச் சொல்வார். "முடிவுக்கு நாள் குறிக்க நமக்கு அதிகாரம் இல்ல. அடையாளத்தப் பாக்கச் சொல்லியிருக்கு. பாக்குதேன்" என்பார். ஜப்பான்காரனிடம் சிங்கப்பூர் விழுந்த வாரம் அவர் பேசியபோது அழாத பெண் இல்லை.

பர்மா அரிசி நின்று, ஊருக்கு ரேஷன் கார்டு வந்தது. ஆளுக்குப் பேர், பேருக்கு எண். அது இல்லாமல் கடையில் ஒரு படி அரிசி வாங்க முடியாது. அண்ணாச்சி அந்த வெள்ளிக்கிழமை வெளிப்படுத்தின விசேஷம் பதின்மூன்றாம் அதிகாரத்தை எடுத்தார். வலது கையில் மிருகத்தின் முத்திரை இல்லாதவன் வாங்கவும் விற்கவும் முடியாத காலம் இதுதான் என்றார். எல்லாரும் கண்ணீரோடு கேட்டோம். மறுநாள் எல்லாரும் கார்டு வரிசையில் நின்றோம். அவர் மட்டும் நிற்கவில்லை.

கிட்டங்கியில் மூட்டை தூக்கும் மாசானம் வளவு வாசலில் வைத்தே கேலி செய்தான். "அண்ணாச்சி, விடிஞ்சா அடைஞ்சா முத்திரை போடுதது உம்ம கைதான். அந்த மிருகம் உம்மகிட்ட வந்துல்லா தொழில் படிக்கணும்!"

"ஏலே, நான் சாக்குக்குப் போடுதேன். அது மனுசனுக்குப் போடும்" என்றார் அண்ணாச்சி. சிரிக்கவில்லை.

மரச்சீனிக் கிழங்கும் கருவாடுமாக அவருக்கு நாலு மாதம் போயிற்று. மனைவி இறந்து வெகுநாளாகிவிட்டது. ஒற்றை ஆள், தாங்கினார். அப்போதுதான் நாசரேத்தில் கட்டிக்கொடுத்த மகள் ஜெயபாய் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். அவளுக்கும் கிழங்குதான். பதினைந்து நாளில் கால் வீங்கி, முகம் வெளுத்துவிட்டது.

ஒருநாள் செம்பில் கஞ்சி கொண்டுபோனேன். அண்ணாச்சி நடையிலேயே மறித்தார்.

"கார்டு அரிசியாம்மா?"

"ஆமா, அண்ணாச்சி."

"கொண்டு போயிரும்மா."

ஜெயபாய் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். செம்பிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அதையே பார்த்தபடி கேட்டாள்: "ஒரு விளக்கம் சொல்லுங்க அப்பா. முத்திரை யாருக்கு? தின்னுதவளுக்கா, பேர் குடுக்கவனுக்கா?"

ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்லுகிறவர் அவளுடைய வீங்கிய காலைப் பார்த்தார். பிறகு, "பேர் குடுக்கவனுக்கு" என்றார். என் கையிலிருந்த செம்பை வாங்கி அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் சீமையெண்ணெய்ச் சீட்டுக்காக ரேஷன் ஆபீசில் நின்றிருந்தேன். ஆண்கள் வரிசையில் அவர் நின்றார். வெளுத்த சட்டை, கோவிலுக்குப் போடுவது.

"வீட்ல எத்தன உருப்படிவே?" என்று குமாஸ்தா கேட்டார்.

"நான் ஒருத்தன்தான்."

"மக வந்திருக்கதாச் சொன்னாவ?"

"அவ பேரு வேண்டாம். என் பேர மட்டும் எழுதும்."

"அப்போ ஒருத்தனுக்குத்தான் அரிசி. பொறவு வந்து சண்டை பிடிக்கப்பிடாது. கையெழுத்தப் போடும்வே, பின்னால ஆள் நிக்கி."

பேனாவை வாங்கினார். அழகாக எழுதுகிறவர்; அன்று கிருபாநிதி என்று எழுதி முடிக்க நேரம் பிடித்தது.

அந்த ஒருவர் அரிசியை ஜெயபாய் தின்றாள். வடித்த கஞ்சித் தண்ணீரைக்கூட அவர் தொடவில்லை, கிழங்கைத்தான் தின்றார். "நீங்களும் ஒரு வா தின்னா என்னப்பா?" என்று அவள் அழுததும், "ஏளா, சும்மா தின்னு" என்று அவர் அதட்டியதும் எங்கள் வீடுவரை கேட்கும்.

ஆண் குழந்தை பிறந்தது. இப்போது நாசரேத்தில் இருக்கிறது, இரண்டு வயது. யுத்தம் முடிந்துவிட்டது; ரேஷன் முடியவில்லை. அண்ணாச்சி அதே கிட்டங்கியில் மார்க்கா போடுகிறார். வெள்ளிக்கிழமைக் கூட்டமும் நடக்கிறது. தானியேலை முன்போலவே விளக்குகிறார். வெளிப்படுத்தின விசேஷத்தில் பதின்மூன்றாம் அதிகாரம் வரும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களை வாசிக்கச் சொல்லிப் புத்தகத்தை நகர்த்திவிடுகிறார்.