உட்பக்கம் திருப்பிக் கட்டிய வாட்ச்

மதினியின் வாட்ச் இன்னும் ஓடுகிறது. கண்ணாடியில் மட்டும் குறுக்கே ஒரு விரிசல். மாற்றச் சொன்னால் மாற்ற மாட்டார். அந்த விரிசலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாலைப்பொழுது ஞாபகம் வரும்.

மதினி, அதாவது என் அண்ணன் மனைவி, கம்பம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாடி பிடித்தபடியே மணி பார்க்க வசதியாக, வாட்ச்சின் முகம் மணிக்கட்டின் உட்பக்கம் வரும்படி இடக்கையில் கட்டுவார். நானும் அவரும் வில்வித்தை வகுப்பில் சேர்ந்தபோது வீட்டில் சிரிக்காத ஆளில்லை. சுருளிப்பட்டியில் எங்கள் திராட்சைப் பந்தலை ஒட்டிய தரிசில், மண்மேட்டின் முன்னால் இலக்குப் பலகையைச் சாத்தி, விடுமுறை மாலைகளில் பழகுவோம்.

அன்று அண்ணன் பந்தலுக்குள் மருந்தடித்துக்கொண்டிருந்தார். பந்தல் எங்களுக்கு இடப்புறம். அம்பு போகிற திசையே இல்லை என்று நம்பியிருந்தோம். மதினி வில்லைத் தூக்கியதும், "வாட்ச்சக் கழட்டலையா மதினி?" என்றேன்.

"வளையலக் கழட்டிட்டேன்ல. மாஸ்டர் தொங்குறதத்தேன் கழட்டச் சொன்னாக. இது கையோட ஒட்டித்தேன இருக்கு, கொழுந்தனாரே?"

வில் பிடித்த கையின் உட்பக்கத்தை ஒட்டித்தான் நாண் பாயும். அவர் விரலை விட்டதும் சடக்கென்று ஒரு சத்தம். நாண் வாட்ச்சில் அடித்துத் திரும்பியது. அம்பு பலகைப் பக்கமே போகவில்லை. இடப்புறம் கோணிப் பறந்து பந்தல் இலைகளுக்குள் மறைந்ததை இரண்டு பேரும் பார்த்தோம்.

"மாதாவே!" என்று மதினி வில்லைக் கீழே போட்டார். பந்தலுக்குள் மருந்தடிக்கும் மெஷின் இரைந்துகொண்டே இருந்தது. "அண்ணே! அண்ணே!" என்று கத்தினேன். குனிந்து ஓடினோம். பந்தலுக்கடியில் மெஷின் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் குழாய் தரையில் கிடந்து மருந்தைப் பீச்சிக்கொண்டிருந்தது. ஆளைக் காணோம். எத்தனையோ சாவு பார்த்த மதினி, ஒரு கல்தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதற்கு மேல் அடியெடுத்து வைக்க மாட்டேன் என்று நின்றுவிட்டார். ஒவ்வொரு வரிசையாக நான்தான் பார்த்துக்கொண்டு போனேன். எந்த வரிசையில் அண்ணன் கால் தெரியுமோ என்று தரையைத்தான் முதலில் பார்த்தேன்.

"ஏலே, எதுக்கு இப்பிடிக் கத்துறீக?" மோட்டார் ரூம் பக்கமிருந்து அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். மருந்து நெடி தாங்காமல் குழாயை அப்படியே போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார்.

அம்பு அன்று கிடைக்கவில்லை. கொடிகளை வெட்டிக் கவாத்துச் செய்து இலையெல்லாம் போன பிறகுதான் தெரிந்தது. மெஷின் நின்ற அதே வரிசையில், தடித்த கொடி ஒன்றில் குத்தி நின்றது. அண்ணன் சிரித்துக்கொண்டே பக்கத்தில் போய் நின்றார். சரியாக அவர் கழுத்து உயரம். மதினி சிரிக்கவில்லை, நானும்தான்.

இப்போதும் பழகுகிறோம், வேறு இடத்தில். மதினி முதல் வேலையாக வாட்ச்சைக் கழட்டி, பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிடுவார். வீட்டுக்கு வந்தால் மறுபடி அதே கை, அதே உட்பக்கம். மணி பார்க்க அவர் கையைத் திருப்பும்போதெல்லாம் என் கண் முதலில் அண்ணன் எங்கே என்று தேடுகிறது.