உப்பைக் காதால் பார்த்தவர்

நாகூர் மீரான் பாயின் கஞ்சிக் கிடாரம் கொதிக்கும் சத்தம் கடலைத் தாண்டிப் பட்டர்வொர்த் கரையில் நிற்பவருக்கும் கேட்கும். அந்தச் சத்தத்தில் மயங்கி நங்கூரம் தூக்க மறந்த கப்பல்கள் உண்டு. சரி, இது கொஞ்சம் அதிகம்தான். எங்கள் சந்து முனைவரைக் கேட்டிருக்கும். அப்போது நான் பிறக்கவில்லை. அதனால்தான் எல்லாம் இவ்வளவு தெளிவாக நினைவிருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள். பினாங்கில் சூலியா தெருவிலிருந்து பிரியும் சந்தில் ஒரு சின்னப் பள்ளிவாசல். அதன் பின்பக்கம் சமையல் கொட்டகை. குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் மாட்டுக்கொட்டில். என் அம்மா நல்லம்மாளுக்குப் பால் வியாபாரம். மீரான் பாய் பண்டாரி, அதாவது கல்யாண விருந்துகளுக்குக் கிடாரம் ஏற்றும் தலைமைச் சமையல்காரர். நோன்பு மாதம் வந்துவிட்டால் பள்ளிக்குக் கஞ்சி காய்ச்சுவதும் அவர்தான்.

அந்த மாதத்துப் பிற்பகல்களுக்குக் கால் தரையில் பாவாது. வெயில் வெள்ளை வேட்டி போலக் கூரைகள்மேல் காய்ந்துகொண்டிருக்கும். தூரத்தில் கொடிமலை பாதி மேகத்தில் கரைந்திருக்கும். பாசிப்பருப்பும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் ரம்பை இலையும் சேர்ந்து வேகும் ஆவியில் சந்தே அரைத்தூக்கத்தில் மிதக்கும். நடப்பவர்கள்கூட நடப்பதாகக் கனவு காண்பவர்கள் போலத்தான் போவார்கள்.

நோன்பு வைத்திருப்பவர் உப்புப் பார்ப்பது எப்படி? நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம் என்று பள்ளியில் தொழவைக்கும் லெப்பை சொல்லிப் பார்த்தார். மீரான் பாய் ஒப்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடாரத்தின் பக்கம் காதைச் சாய்ப்பார். உப்புப் பற்றாத கஞ்சி சளசளவென்று வாயாடுமாம். உப்பு ஏறினால் குரல் தணிந்து நிதானமாகப் பேசுமாம். போதும் என்று கை காட்டுவார். உப்பை அள்ளிப் போடுகிறவர் அவர் மனைவியின் தம்பி ஜபருல்லா. அந்தியில் நோன்பு திறக்கும் நேரத்து நகரா முரசு முழங்கியதும், கோப்பையை வாயிலிருந்து எடுக்காமலேயே எல்லாரும் பாயின் காதைப் புகழ்வார்கள்.

புகழைக் கேட்டுக் கேட்டு, மற்ற மாதங்களிலும் நாக்கைத் தொந்தரவு செய்வதை அவர் நிறுத்திவிட்டார். கல்யாணச் சமையலுக்கும் காதுதான். வம்பு அங்கே ஆரம்பித்தது. ஒரு வீட்டில் தால்ச்சா கடல் தண்ணீராக இருக்கும். இன்னொரு வீட்டில் பிரியாணி சப்பென்று இருக்கும். ஒவ்வொரு தடவையும் குற்றவாளி கைக்கெட்டும் தூரத்திலேயே நின்றார். தன் காது சரியாகச் சொன்னதாகவும் ஜபருல்லாவின் கைதான் சொன்னபடி கேட்கவில்லை என்றும் பாய் எல்லாரிடமும் சொல்லிவிடுவார். அந்த வருஷம் நோன்புக்கு முந்திய ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார்கள். அன்றே பாய் தீர்ப்பும் சொன்னார். பெருநாள் கழிந்ததும் ஜபருல்லா அக்கரையில் தாசேக் கெலுகோருக்குப் போய் ரப்பர் மரம் சீவட்டும்; இனி அடுப்படிப் பக்கம் வரவேண்டாம். ஜபருல்லாவுக்குக் கிடாரத்தைத் தவிர வேறு பிழைப்புத் தெரியாது. மனைவி நிறைமாதக்காரி. ஆனாலும் அக்காள் புருஷனை எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

நோன்பு பாதி கழிந்திருந்தது. ரப்பர் தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் இடம் கிடைக்குமா என்று பார்க்க ஜபருல்லா அக்கரைக்குப் போயிருந்தார். அன்று பாயே உப்பை அள்ளினார், பாயே காதைச் சாய்த்தார், பாயே போதும் என்றார். முதல் செம்பு கஞ்சி வழக்கம்போல் சுவர் வழியாக அம்மாவுக்குப் போயிற்று. மாலைக் கறவைக்கு முன்பே அதைக் குடித்துவிடுவது அம்மாவின் வழக்கம். அன்று பாய் சுவர் ஓரமாகவே நின்றதால், அம்மா வெறுஞ்சோற்றை ஒரு கை அள்ளி அந்தக் கஞ்சியில் போட்டுப் பிசைவதைப் பார்த்துவிட்டார்.

"என்ன தங்கச்சி, கஞ்சியில சோத்தப் போடுறே?"

"கரிக்குது அண்ணே. எப்பவும் உள்ளதுதானே லா."

"எப்பவுமா?"

"சில நாளு கரிக்கும். சில நாளு உப்பே இருக்காது, ஊறுகா தொட்டுக்குவேன்."

"பள்ளியில ஒருத்தரும் சொல்லலியே."

"அவங்க பகலெல்லாம் பட்டினி கெடந்து குடிக்கிறாங்க. நான் மத்தியானம் மீன்கொழம்பு தின்னுட்டுக் குடிக்கிறேன்."

பாய் அடுப்பருகே போய் உட்கார்ந்தார். ஆவி அவரைச் சுற்றி எழுந்தது. முதலில் வந்த நினைப்பு பழைய நினைப்புதான்: ஜபருல்லாவின் கை. அது ஓடி வந்து, அங்கே ஆளைக் காணாமல் திரும்பிப் போயிற்று. அடுத்தது, மாட்டோடு மாடாக இருப்பவளுக்கு உப்பு ருசி என்ன தெரியும் என்று வந்தது. அதற்கடுத்தது, விறகு ஈரம், அதனால் சத்தம் மாறியிருக்கும் என்று வந்தது. ஒவ்வொன்றும் ஆவியைப் போல அழகாகத்தான் எழுந்தது. ஆனால் எல்லாமே ஒரே பக்கமாகச் சாய்ந்தன. அவருடைய காதைக் காப்பாற்றும் பக்கமாக. அதை அவர் கவனித்துவிட்டார். பினாங்கில் எத்தனையோ பெரிய மனிதர்கள் இருக்க, ஒரு பண்டாரியைப் பற்றி நான் எழுத உட்கார்ந்தது இதற்காகத்தான்.

மறுநாள் முதல், ஜபருல்லா திரும்பி வந்த பிறகும், உப்பைத் தாமே போட்டார். காதால் கேட்டுத்தான் போட்டார். பிறகு சுவரோரம் நின்று அம்மாவின் முகத்தைப் பார்த்தார். ஒரு நாள் முகம் சுளித்தது. இன்னொரு நாள் ஊறுகாய் ஜாடி வந்தது. அந்தியில் பள்ளிக்குள் போய் நின்றார். கரித்த கஞ்சிக்கும் சப்பென்ற கஞ்சிக்கும் அங்கே ஒரே புகழ்தான், அதே வார்த்தைகளில். அவர்கள் பொய் சொல்லவில்லை. நாளெல்லாம் காய்ந்த தொண்டைக்கு எல்லாமே ருசிதான். வயிறு காயாத கல்யாண வீட்டார் சொன்னது மட்டுமே கிடாரத்தைப் பற்றிய பேச்சு. ஜபருல்லாவின் கை அவர் சொன்னதைத்தான் செய்திருந்தது.

பிறை தெரிந்த அந்தியில், ஊரே பள்ளி முற்றத்தில் கூடியிருக்க, மீரான் பாய் கவிழ்த்துப் போட்ட கிடாரத்தின்மேல் ஏறி நின்றார். அகப்பையால் தட்டி எல்லாரையும் அமைதியாக்கினார். தன் காது இத்தனை வருஷமும் தன்னையே ஏமாற்றியது என்றும், மச்சானின் கையில் ஒரு குற்றமும் இல்லை என்றும் கணீரென்று அறிவித்தார். பெரியவர்கள் தேம்பி அழுதார்கள். ஜபருல்லாவைத் தோளில் தூக்கிக்கொண்டு சூலியா தெரு முழுக்க ஊர்வலம் போனார்கள்.

இதுவரை எழுதியதை ஜபருல்லாவின் கடைசி மகள் சல்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

"ஊர்வலமும் இல்ல, ஒண்ணும் இல்ல அக்கா. மீரான் மாமா கிடாரத்து மேல ஏறினா கிடாரம் என்னத்துக்கு ஆகும்? வாப்பா பொட்டியக் கட்டிட்டு இருந்தப்ப, கொல்லப்பக்கமா வந்து நின்னாராம். மூஞ்சியப் பாக்காம, 'கயித்த அவுரு. நாளைக்கு வந்துரு. உப்ப நீ வாயில வச்சுப் பாத்துச் சொல்லு'ன்னாராம். வாப்பாவும் கயித்த அவுத்துட்டாராம். உம்மா மாமாவுக்குத் தேத்தண்ணி கொடுத்திருக்காங்க. ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டு, சீனி பத்தலன்னு சொல்லிட்டுப் போனாராம்."