ஞானமேரி கிரைண்டர் போடாத காலை

தலத்தெருவில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்பவள் ஞானமேரி. ஐந்து வருஷமாக அவள் கிரைண்டர் விடியற்காலை ஐந்துக்கெல்லாம் கடகடக்கத் தொடங்கிவிடும். கிறிஸ்துமஸ் அன்றுகூட ஓய்ந்ததில்லை. தூக்கம் கெடுகிறதென்று எதிர்வீட்டுப் புகழேந்தி தெருவையே கையெழுத்துப் போடவைத்து நகராட்சியில் மனு கொடுத்தார். அதிகாரி விசாரிக்க வரும் நாளன்று, வீம்புக்கென்றே அவள் கிரைண்டரைத் தொடவில்லை.

ஏழு மணிக்குப் புகழேந்தி கைலியை இழுத்துச் செருகியபடி ஓடி வந்தார்.

"ஏம்மா, இன்னைக்கி ஏன் கிரைண்டர் போடல? நாகப்பட்டினம் பஸ்ஸ விட்டுட்டேன்! புள்ளைங்க இன்னும் எந்திரிக்கவே இல்ல!"

அவருக்குப் பின்னால் தெருவில் கதவுகள் படபடவென்று திறந்தன. ஞானமேரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே ஓடி வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து வந்தாள்.

"இப்ப சொன்னத அப்படியே எழுதுங்க சார். பத்து மணிக்கு அதிகாரி வர்றாரு. தெருவே கையெழுத்துப் போடட்டும்!"