சுருளியை விட்டுவிட்டு ஊருக்குப் போனவர்

கலியமூர்த்திக்கு எந்தக் காரியத்தையும் ஒரு தடவை செய்தால் செய்த மாதிரியே இருக்காது. கதவைப் பூட்டுவார், நாலு எட்டு நடப்பார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரைக்கும் போனவருக்குக் குழாயை மூடினோமா என்று ஒரு கேள்வி வரும். மறுபடி திரும்புவார். ஆவடியில் டாங்கி செய்கிற தொழிற்சாலையில் டர்னர், லேத்தில் இரும்பு கடைகிறவர். நூலளவு பிசகினாலும் தூக்கி எறிந்துவிடுகிற வேலை அது. மூன்று தடவை அளந்து பார்க்கிற ஆளை எந்த ஃபோர்மேன் வேண்டாம் என்பான்? லேத்துக்கு அந்தக் குணம் நன்றாகப் பொருந்தியது. வீட்டில் அவரோடு குடும்பம் நடத்திய பார்வதத்துக்குத்தான் உயிர் போயிற்று.

சொந்த ஊர் மாயவரத்துக்குப் பக்கத்தில். அறுபத்துநாலில் வேலை கிடைத்து வந்தவர். ஊழியர் குவார்ட்டர்ஸில் தரைதள வீடு, பின்னால் ஒரு சின்னக் கொல்லை. வந்த நாலாவது வருடம் லேத்தடியில் குவிந்து கிடந்த இரும்புச் சுருள்களுக்கு நடுவே கண் திறக்காத ஒரு பூனைக்குட்டி கிடைத்தது. சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்தார். கேட்டில் பையைச் சோதித்த காவலர் உள்ளே பார்த்துவிட்டு, இது ஃபாக்டரி சொத்தா உன் சொத்தா என்று கேட்டாராம். இவர் வேர்த்துப்போய் நின்றதைப் பட்டறையில் பல மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சுருளுக்குள் கிடைத்ததால் சுருளி என்று பேர். சாம்பல் நிறக் கடுவன்.

எழுபத்திரண்டு மே மாதம் மகள் புஷ்பாவின் பள்ளிக்கூடம் மூடியதும் இருபது நாள் லீவு போட்டு ஊருக்குப் போவது என்று முடிவாயிற்று. ஐந்து வருடமாக அந்த லீவு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. பார்வதம் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்த அன்றே இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுருளியை யார் பார்த்துக்கொள்வது?

மாடி வீட்டு சுலைமானைக் கேட்டார். சுலைமான் புறா வளர்ப்பவர். அண்ணாந்து தன் புறாக்கூண்டைப் பார்த்தார். அதற்கு மேல் இவர் வற்புறுத்தவில்லை. பக்கத்து லேத்தில் நிற்கும் தேவராஜ், மாங்காட்டில் இருக்கும் தன் அக்கா வீட்டில் விடலாம் என்றான். பூனையைக் கோணியில் கட்டி பஸ்ஸில் கொண்டுபோவதை நினைத்தாலே இவருக்கு மூச்சு முட்டியது. கோணியில் கட்டிக்கொண்டு போவது பூனையைத் தொலைக்கிறவர்கள் செய்கிற வேலை. பார்வதம், பூனைக்குத் தன் வயிற்றைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா, பேசாமல் கொல்லையில் விட்டுவிட்டு வாருங்கள் என்றாள். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

கடைசியில் கை கொடுத்தவள் வேம்புலியம்மாள். குவார்ட்டர்ஸ் வேலிக்கு அப்பால் குடிசை. அந்த நிலமெல்லாம் வயலாக இருந்தபோது நாற்று நட்டவள், இப்போது அதே நிலத்தில் முளைத்த நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் வந்து சோறு வைப்பதாக ஏற்றுக்கொண்டாள்.

"பூனயத்தானே பாத்துக்கணும்? நீ போயி வா நைனா. எங்க ஊட்டாண்ட ஆடு கீது, கோயி கீது. இது ஒண்ணு பெர்சா?"

பெரிசுதான் என்று கலியமூர்த்தி நினைத்தார். நாட்காட்டித் தாளின் பின்பக்கம் பதினேழு குறிப்புகள் எழுதினார். பாலில் பாதி தண்ணீர். புளி பட்ட சோறு ஆகாது. மீன் தலை செவ்வாயும் வெள்ளியும். இடது காதைத் தொட்டால் பிறாண்டும். வேம்புலியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் இரண்டு தடவை வாசித்துக் காட்டி, அவளைத் திருப்பிச் சொல்லவைத்தார். அவள் பதினேழையும் வரிசை பிசகாமல் ஒப்பித்தாள். சுலைமானிடம் விலாசம் எழுதிய ஒரு கார்டைக் கொடுத்து, நாலாம் நாள் அவளை விசாரித்து எழுதிப்போடும்படி கேட்டுக்கொண்டார். ரயிலடிக்குப் போகிற வழியில் இரண்டு தடவை திரும்பினார். மூன்றாவது தடவை பார்வதம் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஊரில் எல்லாம் இருந்தது. தம்பி வீட்டு முற்றத்தில் கயிற்றுக்கட்டில் போட்டிருந்தார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லாவிட்டாலும் மணலில் உட்கார்ந்து பேச ஆள் இருந்தது. கலியமூர்த்தியால்தான் உட்கார முடியவில்லை. எதையோ சொல்லாமல் வந்துவிட்டோம் என்று அடிமனதில் ஒன்று நமநமத்துக்கொண்டே இருந்தது. பதினேழு குறிப்புகளையும் விரல் மடக்கி எண்ணினார். எல்லாம் இருந்தது. மறுபடியும் எண்ணினார். சொந்தக்காரர்கள் பேசும்போது ஊம் கொட்டுவார், எழுந்துபோய் வாசலைப் பார்ப்பார், வருவார். அண்ணனுக்கு வயிறு சரியில்லையா என்று தம்பி பார்வதத்திடம் ரகசியமாகக் கேட்டான். அவருக்கு எப்போதுமே இப்படித்தான் என்று அவள் சொன்னாள்.

ஏழாம் நாள் மத்தியானம் சுலைமானின் கார்டு வந்தது. பூனை நலம். காலையில் ஒழுங்காகச் சாப்பிடுகிறது. சாயங்காலம் மட்டும் எங்கோ போய்விடுகிறது, வேம்புலியம்மாள் தேடி அழைத்து வருகிறாள், கவலை வேண்டாம் என்று எழுதியிருந்தார். கவலை வேண்டாம் என்று யாராவது எழுதினால் கலியமூர்த்திக்கு அது ஒன்றே போதும். சாயங்காலம் எங்கே போகும்? கடுவன் பூனை, நாலு இடம் சுற்றும்தான். ஆனால் தினமுமா? அதுவும் சாயங்காலத்தில் மட்டுமா?

கார்டும் கையுமாக முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தபோது, ஊர்க்கோடி அரிசி ஆலையில் ஐந்து மணிச் சங்கு ஊதியது. அவரை அறியாமல் அவர் கை சட்டைப் பையில் சைக்கிள் சாவியைத் தேடியது. சாவி இல்லை. கை பையிலேயே நின்றுவிட்டது. பதினெட்டாவது குறிப்பு அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆவடியிலும் ஐந்து மணிக்குத்தான் சங்கு. அது ஊதினால் கலியமூர்த்திக்கு வேலை முடிந்தது என்று அர்த்தம். கை கழுவி, சைக்கிளை எடுத்து, கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்தால் மதகுக் கட்டையில் சுருளி உட்கார்ந்திருக்கும். தூக்கிப் பின்சீட்டில் பையின் மேல் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். மூன்று வருடமாக இது நடக்கிறது. பூனை தற்செயலாக அந்தப் பக்கம் திரிகிறது என்றுதான் அவர் நினைத்திருந்தார். சங்கு தனக்கு ஊதுகிறது என்று இருந்தவருக்கு, அதே சங்கு வீட்டில் இன்னொரு ஜீவனின் காதிலும் விழுகிறது என்று தோன்றவே இல்லை. காற்றைப் போல, வெயிலைப் போல தினமும் இருந்த ஒன்றை யார் தாளில் எழுதுவார்கள்?

அடுத்த நொடி இன்னொன்று நினைவுக்கு வந்தது. போன மழைக்காலத்தில் ஒருநாள் ஓவர்டைம் பார்த்து ஏழு மணிக்கு வெளியே வந்தார். மதகில் பூனை இல்லை. கேட்டுக்கு நேர் எதிரே நட்ட நடு ரோட்டில் உட்கார்ந்திருந்தது. ஒரு லாரிக்காரன் இறங்கி, யாருடைய சனியன் இது என்று கத்திக்கொண்டிருந்தான். அப்போது சிரித்தபடி தூக்கிக்கொண்டு வந்தார். இப்போது நினைத்துப் பார்த்தார். மதகில் ஆளைக் காணாவிட்டால் அது கேட்டுக்கே தேடிப் போகும். ஐந்து மணிக்கு அந்தக் கேட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் சைக்கிள் வெளியே பாயும். பின்னாலேயே பஸ், லாரி. சித்திரையில்தான் ஒரு நாய் அங்கே நசுங்கியது. கார்டு எழுதியே மூன்று நாள் ஆகிவிட்டது. மூன்று சங்கு.

அன்றிரவு ரயிலுக்கே கிளம்புவதாகச் சொன்னார். தம்பிக்கு முகம் விழுந்துவிட்டது. ஐந்து வருடம் கழித்து வந்த அண்ணன் ஒரு பூனைக்காகப் போகிறான் என்று தெருவில் சொன்னால் சிரிப்பார்களே என்றான். புஷ்பா அழுதாள், அப்பா போகிறாரே என்றா பூனைக்கு என்னவோ என்றா என்று அவளுக்கே தெரியாது. பார்வதம் மட்டும் அவர் சட்டையை மடித்துப் பையில் வைத்தாள். கோபம் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

"போய்ட்டு வாங்க. நீங்க இங்க இருந்தாலும் இருக்கப் போறதில்ல, எங்களையும் இருக்க விடமாட்டீங்க."

வழியில் நின்று நின்று வந்த ரயில் எழும்பூர் சேரவே மத்தியானமாகிவிட்டது. அங்கே இறங்கி, லோக்கல் ரயில் பிடித்து, ஆவடி வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. வெயில் மண்டையைப் பிளந்தது. கொல்லைக் கதவைத் திறந்தார். தட்டில் சோறு காய்ந்து கிடந்தது. பூனை இல்லை. வேலிக்கு அப்பால் குடிசைக்குப் போனார். ஆடு இருந்தது, கோழி இருந்தது, வேம்புலியம்மாள் இல்லை. மாடியில் புறாக்கூண்டுதான் இருந்தது, சுலைமான் டியூட்டியில். பூட்டைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, வீட்டுக்குள்ளேயே பத்துத் தடவை நடந்தார். நாலு மணிக்கு மேல் முடியவில்லை, ஊர்ப்பையைக்கூடக் கீழே வைக்காமல் மதகுக்கு நடந்தே போனார்.

மதகுக் கட்டை காலியாக இருந்தது. சாக்கடையில் எட்டிப் பார்த்தார். புதரை விலக்கிப் பார்த்தார். ரோட்டில் ஏதாவது கறை தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார். அப்படிப் பார்க்கிறோமே என்று தன் மேலேயே அருவருப்பு வந்தது. சங்கு ஊதியது. கொஞ்ச நேரத்தில் சைக்கிள்கள் வந்தன. எல்லாம் ஒரே திசையில், மணி அடித்துக்கொண்டு, பேசிக்கொண்டு வந்தன. இவர் ரோட்டோரமாக நின்றார். மதகுக்கு ஓடிவரும் பூனை எதுவும் இல்லை. லீவில் போனவன் இங்கே என்ன செய்கிறாய் என்று நாலைந்து பேர் கேட்டுக்கொண்டே போனார்கள். தேவராஜ்தான் சைக்கிளை விட்டு இறங்கி, பூனை கேட்டண்டை இருப்பதாகவும் அந்தம்மாவும் கூடவே இருப்பதாகவும் சொன்னான்.

கூட்டத்துக்கு எதிராக முட்டி மோதிக்கொண்டு போனார். ஹேண்டில்பார் இடுப்பில் இடித்தது. ஒருவன் திட்டினான். கேட்டுக்குச் சற்று முன்னால், சுவரோரம் தரையில் வேம்புலியம்மாள் உட்கார்ந்திருந்தாள். மடியில் சுருளி. பழைய புடவைக் கிழிசலால் அதன் இடுப்பைச் சுற்றித் தன் மணிக்கட்டோடு கட்டியிருந்தாள். கையெல்லாம் நகக்கீறல். பூனையின் வால் நுனியில் மஞ்சள் அப்பியிருந்தது. உயிரோடு இருந்தது. கலியமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது, அதைத் துடைக்கவும் தோன்றவில்லை.

சுருளி என்று கூப்பிட்டார். அது திரும்பவில்லை. இன்னும் கிட்டே போய்க் கூப்பிட்டார். காதைக்கூட அசைக்கவில்லை. கண் கேட்டின் மேலேயே இருந்தது. ஒவ்வொரு சைக்கிளாக வெளியே வந்தது. ஒவ்வொரு முகத்தையும் அது பார்த்தது, விட்டது, அடுத்ததைப் பார்த்தது.

வேம்புலியம்மாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ஆச்சரியப்படக்கூட இல்லை. நாலாம் நாள் சாயங்காலம் பூனை சைக்கிள் கூட்டத்துக்குள்ளே புகுந்து சக்கரத்தில் வால் மாட்டிக்கொண்டதாம். எங்கே போகிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்ததாம். தன் குடிசையில் அடைத்துப் பார்த்தாளாம், கதவில் முட்டி முட்டி மூக்கில் ரத்தம் வந்துவிட்டதாம். அதிலிருந்து மத்தியானமே தேடிப் பிடித்து, கட்டி, தானே கூட்டிக்கொண்டு வருகிறாளாம். சாயங்கால வேலை இரண்டு வீட்டில் போய்விட்டதையும் போகிறபோக்கில் சொன்னாள்.

கலியமூர்த்தி, எல்லாவற்றையும் சொன்னவன் இதைச் சொல்லாமல் போய்விட்டேனே என்றார்.

"உனுக்கே தெர்யாதத எனுக்கு எப்டி சொல்லுவ நைனா?" என்றாள் அவள். பிறகு கேட்டைப் பார்த்துத் தாடையை ஆட்டினாள். "இங்க நின்னுகினு கூப்டாத. இதுக்கு நீ அங்கேர்ந்துதான் வரணும். போ, போயி வா."

கலியமூர்த்தி போனார். கேட் வரைக்கும் போய், காவலர் என்னவென்று கேட்பதற்குள் திரும்பி, கடைசியாக வந்துகொண்டிருந்த கூட்டத்தோடு சேர்ந்து நடந்தார். ஊர்ப்பை கையில் இருந்தது, சைக்கிள் இல்லை. பத்தடி வருவதற்குள் சுருளி எழுந்து நின்றுவிட்டது. வேம்புலியம்மாள் முடிச்சை அவிழ்த்தாள். அது ஓடிவரவில்லை, நடந்து வந்தது. அவர் காலடியில் நின்று, வேட்டியை மோந்து பார்த்து, முழங்காலில் தலையை ஒரு தடவை இடித்தது. தூக்கினார். அதன் நெஞ்சு அவர் உள்ளங்கைக்குள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருடமாகத் தான் மட்டும்தான் தவிக்கிறவன் என்று அவர் நினைத்திருந்தார்.

ஊருக்கு அவர் திரும்பிப் போகவில்லை. மன்னித்துக்கொள், நீயும் புஷ்பாவும் இருந்துவிட்டு வாருங்கள் என்று பார்வதத்துக்கு எழுதிப்போட்டார். மீதியிருந்த லீவில் ஒரு வேலைநாள் விடாமல், நாலே முக்காலுக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனார். சங்கு ஊதி ஆட்கள் வெளியே வரும்போது அவர்களோடு சேர்ந்து திரும்பினார். லீவிலும் டியூட்டி பார்க்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று காவலர் கிண்டல் செய்தார். கலியமூர்த்தி நிற்காமல் பெடலை மிதித்தார். மதகில் ஒருவன் காத்திருந்தான்.