எட்டிப்பார்

டீக்கடைக்கார மரியகுழந்தையின் அடுப்புக்கு முன்னால் சாம்ராஜ் குனிந்து நிற்கிறார். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால், ஒன்றை ஒன்று பிடித்தபடி. சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனுக்கு பெங்களூரு வண்டி வருவதற்குள் தீர்ப்பு சொல்லியாக வேண்டும்.

"பர்னர்ல நடு ஓட்டை அடைச்சினு கீது."

"ஊசி இந்தாங்க, குத்தி விடுங்களேன்."

"உங்க அடுப்பு. நீங்க குத்துங்க" என்று வண்டியேறிவிடுவார். சொன்னது சரியாகத்தான் இருக்கும். எரிச்சலே அதுதான்.

பக்கத்து வீட்டு ஸ்கூட்டர், கல்யாண வீட்டு மைக் செட், ரயிலில் எதிர் சீட்டுக்காரர் சாப்பாட்டு டப்பா, எதையும் பார்க்காமல் விடமாட்டார். எதிலும் விரல் படாது. "சமையல் ரூம் குழாய் சொட்டுது" என்று மனைவி அமலாவிடம் அறிவித்துவிட்டுப் பேப்பரோடு உட்காருகிற மனிதரை என்ன செய்வது? "மியூசியத்துக்கு வந்தவரு மாரியே வீட்ல கீறீங்க" என்பாள் அமலா.

கேட்டால் கேஜ் கதை சொல்வார். அவருடைய மாமாக்கள் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். ஷாஃப்ட் என்கிற ஆழக் குழியில் ஆளை ஏற்றி இறக்கும் கூண்டுதான் கேஜ். மணியடித்தால்தான் நகரும். சுற்றி எத்தனை பேர் நின்றாலும் மணிக்கயிறு ஒருவர் கையில்தான். ஆர்வக்கோளாறில் வேறு யாராவது இழுத்துவைத்தால், ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே நிற்கிறவன் கதி? சாம்ராஜ் சுரங்கத்துக்குள் ஒரு நாளும் இறங்கியதில்லை. ஆனால் "மணியடிக்கிறவரு ஒருத்தர்தான்" என்பதை மட்டும் பெங்களூரு ஆபீஸ் வரைக்கும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அந்த ஆபீஸ் ஊரார் கல்யாண வீடியோக்களைச் சேமித்துவைக்கும் கம்பெனி. ஏகப்பட்ட கம்ப்யூட்டர்களைச் சேர்த்துக் கட்டி ஒரே பெரிய பீரோபோல வைத்திருக்கிறார்கள். ஸ்டோரேஜ் கிளஸ்டர் என்று பெயர். எந்த இயந்திரம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் ஒரு கான்ஃபிக் ஃபைல் இருக்கும். சாம்ராஜ் எழுதிய டூலிடம் இயந்திரத்தின் பெயரைச் சொன்னால் அந்த ஃபைலின் நகலை எடுத்துவந்து காட்டும். அவ்வளவுதான். ஒரு கமாவைக்கூட அதை வைத்து மாற்ற முடியாது. டூலுக்கு அவர் வைத்த பெயர் 'எட்டிப்பார்'. அப்பனைப் போலப் பிள்ளை.

மேனேஜர் விநாயக்குக்கு இது பொறுக்கவில்லை. கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்தார். "பரீ நோடோதா, சாம் சார்? வெறும் பார்க்கறதுக்கா ஒரு டூல்? திருத்தறதுக்கு ஒரு பட்டன் போடுங்க. போட்டா நீங்கதான் டீம் லீட். இல்லன்னா ரெடிமேடா ஒண்ணு வாங்கிடலாம், உங்கள்து தூக்கிடலாம்."

டீம் லீட் என்றால் வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. அமலா கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். புருஷன் முகத்தை அவள் வெளிச்சத்தில் பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமைதான். "பட்டன்தானே. போட்டா இன்னா, கை தேஞ்சா பூடும்?" சாம்ராஜுக்குப் பாவமாகத்தான் இருந்தது. பார்க்கலாம் என்றார். அவர் வேறென்ன சொல்வார்?

அந்த வெள்ளிக்கிழமை விநாயக் பொறுமையிழந்து, 'எட்டிப்பார்' இல்லாமலே ஒரு ஃபைலை நேராகத் திறந்தார். சும்மா பார்க்கத்தான். அந்த எடிட்டரில் கீழே இறங்க 'ஜே'யை அழுத்த வேண்டும்; எழுதும் நிலையில் இருப்பதைக் கவனிக்காமல் அழுத்தியதில் 'ஜே' இரண்டும் ஃபைலுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டன. மூடும்போது பழக்கதோஷத்தில் சேவ் வேறு செய்துவிட்டார். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களால் மட்டுமே செய்ய முடிகிற அசட்டுத்தனம். கொஞ்ச நேரத்தில் அந்த இயந்திரம் முறுக்கிக்கொண்டது. மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார் என்று போன் மேல் போன்.

சாம்ராஜ் 'எட்டிப்பார்' மூலம் எல்லா இயந்திரங்களின் ஃபைல்களையும் கொண்டுவந்து வரிசையாக வைத்தார். ஒன்றில் மட்டும் இரண்டு 'ஜே' பல்லிளித்தன.

"அழிச்சிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்றார் விநாயக். "இப்ப நீங்களே பண்ணிட்டா பட்டன் போட்ட மாதிரிதான். திங்கக்கிழமை டீம் லீட் ஆர்டர் கையில."

சாம்ராஜின் விரல் கீபோர்டுக்கு மேல் போனது. அமலா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தது ஞாபகம் வந்தது. இரண்டே எழுத்து. பிறகு அந்தக் கையை இன்னொரு கை பிடித்து முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனது.

"மணியடிக்கிறவரு கோவிந்தன் சார். அவரைக் கூப்பிடலாம்."

கிளஸ்டரில் மாற்றம் செய்யும் பொறுப்பு கோவிந்தனுடையது. போனில் அலறினார் அவர். "யாரும் தொடாதீங்க. அந்த மெஷின்லருந்துதான் வீடியோவெல்லாம் வேற எடத்துக்கு மாத்திகிட்டிருக்கேன், பாதி போயிருக்கு. இப்ப ரீஸ்டார்ட் பண்ணா மீதி போச்சு." வேலை முடிந்ததும் அவரே வந்து இரண்டு எழுத்தையும் அழித்தார். எல்லாம் எழுந்து நடந்தது.

விநாயக் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிட்டு, "பட்டன் வேணாம் சாம் சார். உங்க டூல் இப்படியே இருக்கட்டும்" என்றார். ஆனால் டீம் லீட் துணிந்து கைவைக்கிற ஆளாக இருக்க வேண்டுமாம். அது கோவிந்தனுக்குப் போனது.

வீட்டில் அமலா சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் கதவு நிலையருகே நின்று எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்ப ட்ரெயின்தான்" என்றாள்.

"ட்ரெயின்தான்."

கட்டை உருளும் சத்தம் நின்றது. அவளுக்கு அழுகை வருகிறதா சிரிப்பு வருகிறதா என்று சாம்ராஜ் உற்றுப் பார்த்தார்.

"நெத்தியில மாவு ஒட்டினு கீது" என்றார்.

"தெரியும்." துடைக்காமல் அப்படியே முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கை மெதுவாக முன்னால் வந்தது.