மேல கை வைங்க

பேய் ராத்திரியில்தான் வரும், அமாவாசைக்குத்தான் வரும் என்று நம்பிப் பகலில் நிம்மதியாக நடமாடுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டாம். இது பட்டப்பகலில் நடந்தது. சங்ககிரியில், பைபாஸ் ஓரத்தில், லாரிகள் போகிற வருகிற இடத்தில், அக்னி நட்சத்திர வெயிலில் நடந்தது. அங்கே யாரைக் கேட்டாலும் பட்டறைக்காரன் மனைவி வெயில் தாக்கிச் செத்துப்போனாள் என்றுதான் சொல்வார்கள். டாக்டரும் அப்படித்தான் சொன்னார். அவளுடைய வலது கையை அவர் சரியாகப் பார்க்கவில்லை. பார்த்த ஒரே ஆள் அவள் புருசன் மதியழகன். அவன் சொல்ல மாட்டான். ஒரே ஒரு முறை குடித்துவிட்டு உளறினான். உளறியது இதுதான்.

மதியழகனுக்கு லாரி ஸ்பிரிங் பட்டை வேலை. பாரம் ஏற்றி ஏற்றி நெளிந்துபோன பட்டைகளை உலையில் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து, பழைய வளைவுக்குக் கொண்டுவருவான். வேலையில் கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை. ஆனால் இரும்பை வைத்து அடிக்கிற அடைகல் முன்னால் நின்றுவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்பிப் பார்க்கிற ஜென்மம் இல்லை. அவன் மனைவி சௌந்தர்யா அம்மாபேட்டையில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். கல்யாணமான நாளிலிருந்து உலைக்குக் காற்று ஊதுவது அவள் வேலை. கரண்ட் ப்ளோயர் ஒரே மூச்சாக ஊதிப் பட்டையின் ஓரத்தை உருக்கிவிடுகிறது என்று மதியழகன் அதைக் கழற்றி மூலையில் போட்டிருந்தான். கையால் சுற்றுகிற ப்ளோயர்தான் அவனுக்குச் சரிப்படும். சுற்றுகிற கை அவனுடையது இல்லையே, சரிப்படாமல் என்ன செய்யும்?

கை ப்ளோயரில் ஒரு முறை உண்டு. இரும்பு நெருப்பில் கிடக்கும்போது காற்று நிற்கக் கூடாது. சுற்றுகிறவருக்குக் கை ஓய்ந்துவிட்டால் சட்டென்று விட்டுவிட முடியாது. அடுத்த ஆள் வந்து, சுற்றிக்கொண்டிருக்கிற கையின் மேலேயே தன் கையை வைக்க வேண்டும். இரண்டு சுற்று இரண்டு கையும் சேர்ந்து போகும். பிறகு கீழே இருக்கும் கை நழுவி வெளியே வரும். இதற்குக் கை மாற்றுவது என்று பெயர். கல்யாணமான புதிதில் மதியழகன் அடிக்கடி கை மாற்றுவான். வேலைக்காக மட்டும் இல்லை, அவள் கையைப் பிடித்துக்கொள்ளவும்தான். சௌந்தர்யா வெட்கப்பட்டுக்கொண்டே இரண்டு சுற்றை நாலு சுற்றாக்குவாள். போகப் போக அவன் அதை மறந்துபோனான். அவள் மறக்கவில்லை.

பழைய ப்ளோயர் உடைந்துபோனதால் வெண்ணந்தூரில் ஒன்று கிடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனான். நாச்சிமுத்து என்று ஒரு கிழவர். தொழிலை விட்டு வெகு நாளாகியிருந்தது. வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை. பின்னால் கொட்டகையில் சாக்கு போட்டு மூடியிருந்தார். சாக்கை எடுத்தால், ஆள் இடுப்பு உயரத்துக்குப் பெரிய சக்கரம், தேக்குக் கைப்பிடி, பெல்ட், சின்ன புல்லி, வார்ப்பு இரும்புக் கூட்டுக்குள் காற்றாடி. அருமையான சாமான். கைப்பிடியை மட்டும் சங்கிலி போட்டுத் தூணோடு கட்டிப் பூட்டியிருந்தார்.

"எதுக்குங்க சங்கிலி?"

"கொழந்தைங்க வெளையாடுமுங்க, சாமி."

அந்த வீட்டில் குழந்தையே இல்லை. சங்கிலி உரசிய இடத்தில் கல்தூண் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. மதியழகன் பார்த்தான். பார்த்ததோடு சரி.

"யாருங்க சுத்துவாங்க?" என்றார் கிழவர்.

"ஊட்டுக்காரிதானுங்க."

கிழவர் அவன் பக்கம் திரும்பினார். "நீங்க ரெண்டு பேரும் ஒத்துமைதானுங்களே?"

"நெம்ப ஒத்துமைங்க" என்று சிரித்தான் மதியழகன். அதற்கப்புறம்தான் கிழவர் சாவியை எடுத்துக் கொடுத்தார். வண்டியில் ஏற்றும்போது அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

பெல்ட்டில் ஒரு தொல்லை. சுற்றுவதை நிறுத்தினாலும் உள்ளே காற்றாடி ஓடுகிற வேகம் கைப்பிடியை இழுத்துக்கொண்டு போகும். மணிக்கட்டில் அடிக்கும். அதனால் மதியழகன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு சைக்கிள் செயினும் ஃப்ரீவீலும் போட்டான். சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் என்ன ஆகும்? சக்கரம் ஓடும், பெடல் நிற்கும், 'டிக் டிக் டிக்' என்று சத்தம் வரும். அதே கதைதான் இங்கேயும். கையை விட்டால் கைப்பிடி நின்றுவிடும். காற்றாடி மட்டும் டிக் டிக் என்று ஓடி அடங்கும்.

ஒழுங்காகப் பொருத்தி, நாலு சுற்று சுற்றிவிட்டுக் கையை எடுத்தான்.

கைப்பிடி நிற்கவில்லை. அது பாட்டுக்குச் சுற்றியது. நிதானமாக, ஒரே சீராக.

"பாத்தியா புள்ள, என்ன வழுவழுப்பு! வுட்டாக்கூட ஓடுது" என்றான்.

சௌந்தர்யா காதைச் சாய்த்துக் கேட்டாள். தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். ஒரு நூல் அறுந்தாலும் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பாள்.

"ஏனுங்க... டிக் சத்தம் வரலீங்களே?"

"வரலீன்னா?"

"கைய வுட்டாத்தானுங்களே டிக் டிக்னு கேக்கும்? இப்பக் கேக்கல. அப்ப... யாரோ சுத்தறாங்களாட்ட இருக்குதுங்க."

அவன் செயினைக் கழற்றிப் பார்த்தான். ஃப்ரீவீல் நன்றாக இருந்தது. மாட்டினான். மறுபடி சுற்றிவிட்டான். கைப்பிடி ஓடியது. டிக் சத்தம் இல்லை. கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தான். தேக்கு ஈரமாக இருந்தது. நக்கிப் பார்க்கவில்லை, ஆனால் வாசனையே சொன்னது. வியர்வை.

வேறு ஒருவனாக இருந்தால் அன்றைக்கே கொண்டுபோய்க் கிணற்றில் போட்டிருப்பான். மதியழகன் என்ன செய்தான் தெரியுமா? சிரித்தான்.

"பேயாவே இருந்துட்டுப் போவுது. சோறு கேக்குதா? லீவு கேக்குதா?"

அவள் சிரிக்கவில்லை. சாயங்காலம் கைப்பிடிக்குத் திருநீறு பூசி, கயிறு போட்டுக் கட்டினாள். காலையில் கயிறு அறுந்து கிடந்தது.

இரண்டு நாள் கழித்து, ராசிபுரம் பக்கத்திலிருந்து காத்தான் என்ற டிரைவர் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினான். பின்பக்கம் மெயின் பட்டை நெளிந்திருந்தது. பட்டைக் கட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, வேப்பமர நிழலில் கேபினுக்குள் படுத்துத் தூங்கிவிட்டான். உச்சி வெயில். ரோட்டில் ஈ காக்கை இல்லை.

பட்டை நெருப்பில் கிடந்தது. சௌந்தர்யா தள்ளி நின்றாள். கைப்பிடி அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. காற்று பிரமாதமாக வந்தது. பட்டை செக்கச் சிவந்து வருகிற நேரம்... கைப்பிடி தளர்ந்தது.

மெல்ல.

இன்னும் மெல்ல.

மேலே ஏறும்போது திணறியது. ஓய்ந்துபோன ஆள் சுற்றுகிற மாதிரி. நடுநடுவே 'கிளிங்... கிளிங்...' என்று ஒரு சத்தம். கண்ணாடி வளையல் சத்தம். சௌந்தர்யா கையில் ரப்பர் வளையல்தான் இருந்தது.

"சூடு எறங்குது! என்ன பாத்துட்டு நிக்கற? கைய வையி!" என்று கத்தினான் மதியழகன்.

"பயமா இருக்குதுங்க."

"வையின்னா வையி!"

அவள் வைத்தாள்.

தேக்குக் கைப்பிடி அவள் உள்ளங்கையில் படவில்லை. அங்கே இன்னொரு கை இருந்தது. ஒல்லியான கை. வெதுவெதுப்பாக, ஈரமாக. எலும்பு எலும்பாகத் தட்டுப்பட்டது. ஒரு சுற்று... இரண்டு சுற்று... இரண்டு கையும் சேர்ந்து போயின.

பிறகு, கீழே இருந்த கை நழுவி வெளியே போனது.

"அப்பாடா..."

காதுக்குப் பக்கத்தில். ஒரு பொம்பளைக் குரல்.

பட்டை வெள்ளைச் சிவப்பாகப் பழுத்துவிட்டது. மதியழகன் குறட்டால் அதைப் பிடித்து அடைகல்லில் போட்டான். முதுகைத் திருப்பிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தான்.

"ஏனுங்க... கை வர மாட்டேங்குது. கை மாத்துங்க."

"இருடீ."

டங்... டங்... டங்...

"ஏனுங்க, தோளு எரியுதுங்க. கை மாத்துங்க."

"செத்த இருன்னு சொன்னேன்ல! வளைவு போயிரும்."

டங்... டங்...

"மாமா."

கல்யாணமான புதிதில் மட்டும் கூப்பிட்ட பேர் அது.

"மாமா... மேல கை வைங்க மாமா."

அவன் வளைவைப் பார்த்தான். ஒரு மயிரிழை குறைவாக இருந்தது. இன்னும் நாலு அடி அடித்தான். சரியாக வந்ததும் பட்டையைத் தண்ணீரில் வைத்தான். ஆவி சீறி அடங்கியது. அதற்கப்புறம்தான் திரும்பினான்.

சௌந்தர்யாவின் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. வியர்வையே இல்லை. வாய் திறந்திருந்தது. கை மட்டும் சுற்றியது... மனுசக் கை போக முடியாத வேகத்தில். உடம்பு அதோடு சேர்ந்து மேலே எழும்பிக் கீழே விழுந்தது. கண் மட்டும் அவனைப் பார்த்தது.

அவன் ஓடிப்போய் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தான். வரவில்லை.

கடப்பாரையை எடுத்துச் சக்கரத்துக்குள் விட்டான். கடப்பாரை எகிறிச் சுவரில் மோதியது. சக்கரம் நிற்கவில்லை. அவள் தோளில் மட்டும் 'மளுக்' என்று கேட்டது.

அவள் கத்தவில்லை. கத்தத் தெம்பு இல்லை.

உதடு மட்டும் அசைந்தது.

மேல... கை... வைங்க...

அவனுக்குப் புரிந்துவிட்டது. வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. அவள் கைமேல் தன் கையை வைக்க வேண்டும். இரண்டு சுற்று. அவள் கை வெளியே வந்துவிடும்.

கையை நீட்டினான்.

ஒரு சாண் இருந்தது.

அப்புறம் என் கை எப்படி வெளியே வரும்...?

நின்றான்.

அவள் பார்த்தாள்.

அவன் நின்றான்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கையைப் பின்னால் எடுத்துக்கொண்டான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

விழுந்தாள். இப்போது கை தானாகக் கழன்று வந்தது. உள்ளங்கையில் தோல் இல்லை. தோளிலிருந்து கை தொளதொளவென்று தொங்கியது. கைப்பிடி அவளுக்கு மேலே சுற்றிக்கொண்டே இருந்தது.

அவன் அவள் கையை முந்தானைக்குள் மறைத்து, அவளைத் தூக்கிக்கொண்டு போய் வேப்பமர நிழலில் கிடத்தினான். கேபினில் தூங்கிய காத்தான் எழுந்து வந்து பார்த்துவிட்டு, "வெயிலுங்க அண்ணா... பாவிப் பய வெயிலு" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். மதியழகனும் ஆமாம் என்றான். தோள் விழுந்ததில் பிசகியிருக்கும் என்றான். கையை வெள்ளைத் துணியால் அவனே சுற்றிக் கட்டினான். அம்மாபேட்டையிலிருந்து வந்தவர்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பாவம் இவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் வெண்ணந்தூருக்குப் போனான். கிழவரை அடித்துக் கொல்ல வேண்டும் என்றுதான் போனான். நாச்சிமுத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். இவன் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வந்துட்டாளுங்களா சாமி? எங்க முத்தாயா... கைய எடுத்துட்டாளுங்களா?"

மதியழகன் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டான். கிழவர் சொன்னார்.

முத்தாயம்மாள் அவர் மனைவி. காய்ச்சலோடு ப்ளோயர் சுற்றியிருக்கிறாள். கை மாத்துங்க என்று கேட்டிருக்கிறாள். வேலை மும்முரத்தில் கிழவர் திரும்பவே இல்லை. நெருப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்ததால் அவள் சுற்றுகிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து பார்த்தால், அவள் கீழே கிடந்தாள். உடம்பு சில்லிட்டு விறைத்திருந்தது. கைப்பிடி சுற்றிக்கொண்டிருந்தது.

"அதுக்கு முந்தி அதுல ஒண்ணுமே இல்லீங்க. வெறும் இரும்புதானுங்க" என்றார் கிழவர். "நான் மேல கை வெச்சிருந்தா அன்னைக்கே எறங்கியிருப்பா. எனக்குத் தகிரியம் வரலீங்க சாமி. சங்கிலி போட்டு வெச்சேன். நீங்க ஒத்துமைன்னு சொன்னீங்க... உங்களுக்குத் தகிரியம் இருக்கும், பொண்டாட்டிய வுட மாட்டீங்கன்னு நெனச்சுத்தான் குடுத்தேன்."

மதியழகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கை மாத்தச் சொல்லி எத்தன தாட்டிங்க கேட்டாங்க?" என்றார் கிழவர்.

"மூணு."

"எங்க முத்தாயாளும் மூணு தாட்டிதானுங்க" என்று சொல்லிவிட்டுக் கிழவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அவர் அழுவது கேட்டது. சந்தோசத்தில் அழுகிற அழுகை.

மதியழகன் திரும்பி வந்து பட்டறையைத் திறந்தான். காரியம் முடியும்வரை பூட்டியே கிடந்த பட்டறை. எதிரே பஞ்சர் கடைக்காரர், "நீங்க இல்லாதப்பவும் உள்ள காத்துச் சத்தம் கேட்டுட்டே இருந்துச்சே, யாரை வுட்டுட்டுப் போனீங்க?" என்று கேட்டார்.

உள்ளே கைப்பிடி சுற்றிக்கொண்டிருந்தது.

அவன் கிட்டே போனான். கையை நீட்டினான். இந்த முறை ஒரு விரற்கடைதான் இருந்தது. கைப்பிடி வேகத்தைக் குறைத்தது... அவன் பிடிப்பதற்குத் தோதாக. புதிதாகக் கல்யாணமானபோது அவள் குறைப்பாளே, அப்படி. தேக்கில் வியர்வை பூத்தது.

இரண்டு சுற்று காத்திருந்தது.

நாலு சுற்று.

வெளியே லாரி ஹாரன் அடித்தது. யாரோ பட்டை கொண்டுவந்திருந்தார்கள்.

மதியழகன் கையை எடுத்துக்கொண்டான். கரியை அள்ளி உலையில் போட்டான். நெருப்பு வைத்தான். காற்று எப்போதும்போல அருமையாக வந்தது. அவன் அடைகல் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு, சம்மட்டியை எடுத்தான்.

இன்றைக்கும் அந்தப் பட்டறை நடக்கிறது. வளைவு அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது என்று டிரைவர்கள் தேடி வருகிறார்கள். உலைக்கு ஆள் யாரும் இல்லை. நீங்கள் அந்தப் பக்கம் போனால், அவன் அடிப்பதை நிறுத்துகிற நேரம் பார்த்துக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

டிக் சத்தம் கேட்காது.