ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோல்

லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் தையல்கடை போட எனக்கு எந்த வங்கியும் கடன் தரவில்லை. வெள்ளையருக்குக் கிடைக்கும் கடன் நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைப்பதில்லை என்று தமிழரும் ஜமேக்கரும் சோமாலியரும் சேர்ந்து நடத்திய உதவி நிதிதான் முன்பணம் தந்தது. அதன் பொறுப்பாளர் மெலிந்து கூன் விழுந்த மனிதர். நிதி உதவிய ஒவ்வொரு கடையின் திறப்புவிழாவுக்கும், கோட்டுப் பைக்குள் தன் சொந்தக் கத்தரிக்கோலோடுதான் வருவார்.

மூன்றாம் வருடம் கட்டட உரிமையாளர் வாடகையை இரட்டிப்பாக்கினார். கடையை மூடிய அன்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நிதிப் பொறுப்பாளர் மட்டும் வந்தார்.

“பூட்டேக்கையும் வரவேணும்தானே, பிள்ளை,” என்றபடி தையல் மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார்.

“உங்கட உதவியெல்லாம் வீணாப் போச்சுதே, அண்ணை.”

“நாங்கள் ஆருக்குக் குடுத்தாலும் கடைசியில கட்டடக்காரனிட்டைத்தான் போய்ச் சேருது.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “நாளைக்குக் குரோய்டனில ஒரு ஜமேக்கப் பிள்ளையின்ர சலூன் திறக்கிறம்.”

“அதெண்டாலும் நிலைக்குமோ?”

“எனக்கு நம்பிக்கை இல்லை,” என்றார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, என் மேசையில் மிஞ்சிக் கிடந்த துணியில் துடைத்து, அதன் கூர்மையைப் பார்த்தார்.